பெரிய சக்கரம் போட்டால் வண்டி உயருமா?

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் வி.டி.ஐ. வைத்திருக்கிறார். 2011 டிசம்பரில் தருமபுரியில் பதிவான டி.என். 29 வண்டி. வாரநாளில் ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு மாந்தோப்புக்குப் போகிறார். தோப்புக்குத் தார்ச்சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. நாலு பேர் ஏறி, டிக்கியில் இரண்டு கிரேட் மாங்காயும் வைத்துவிட்டால் நடுவில் மேடு தட்டி ஆயில் சேம்பர் அடிவாங்குகிறது. இரண்டு முறை சேம்பரைக் கழற்றி ஒட்டியாகிவிட்டது.

தையில் அவருக்குக் கல்யாணம். அதற்குள் வண்டியைக் கொஞ்சம் அழகாக்கவும் வேண்டும், உயர்த்தவும் வேண்டும். மச்சான் அவரைப் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கு அழைத்துப்போயிருக்கிறார். அங்கே ஒரு கடையில் இரண்டு செட் காட்டினார்களாம். ஒன்று, ஹூண்டாய் க்ரெட்டாவிலிருந்து கழற்றிய 17 இன்ச் அலாய் வீல், 215/60 ஆர்17 டயரோடு. அது ஐந்து போல்ட் வீல், ஸ்விஃப்ட்டில் நாலு போல்ட். அதனால் நடுவில் 25 மி.மீ. தடிமனில் அடாப்டர் போட்டு மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று, நாலு போல்ட்டிலேயே 16 இன்ச், 195/55 டயரோடு. 17 இன்ச் செட்டுக்கு இவர் 8,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் இதற்கு ஒப்புதல் இல்லை. லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, “கம்பெனி குடுத்ததுல கை வைக்காத” என்கிறார். கூட வேலைசெய்யும் ஒருவர் அலாய் போட்டாலே போலீஸ் வண்டியைப் பிடுங்கிவிடும் என்கிறார். கடைக்காரரோ, “எஃப்.சி.க்குப் போற அன்னிக்குப் பழைய வீலை மாட்டிக்கிட்டுப் போங்க, இன்ஷூரன்ஸுக்கு எதுவும் சொல்ல வேணாம், பெரிய வீல்னா மைலேஜும் ஏறும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வண்டிக்கு வருகிற டிசம்பரில் பதினைந்து ஆண்டு முடிகிறது. எது சரி, எந்த அளவு போடலாம், அட்வான்ஸ் திரும்ப வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, விபத்தான வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டுக்கு இழப்பு மதிப்பிடுவது என் தொழில். அதனால் உங்கள் கடிதத்தை ஆசையாக வீல் வாங்கப் போகிறவர் கண்ணாலும் படித்தேன், பிறகொரு நாள் அந்த வண்டியைச் சுற்றி வந்து குறிப்பெடுக்க வேண்டியவர் கண்ணாலும் படித்தேன். சுருக்கமான பதில் இது: 17 இன்ச் செட்டை விட்டுவிடுங்கள். 16 இன்ச் செட் ஆபத்தில்லை, ஆனால் உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. அழகுக்கு 15 இன்ச் போதும், சட்டத்துக்கும் அது பொருந்தும். உயரத்துக்கான வைத்தியம் சக்கரத்தில் இல்லை, ஸ்பிரிங்கில் இருக்கிறது.

ரிம் அளவு வேறு, சக்கரத்தின் உயரம் வேறு

கடைகளில் நடக்கும் பேச்சில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ரிம் பெரிதானால் வண்டி உயரும் என்று நினைத்திருக்கிறீர்கள். தரைக்கும், சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியான ஹப்புக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது டயரோடு சேர்த்து அளந்த மொத்த விட்டம். ரிம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் அதே அளவுக்குக் குறைந்தால் மொத்த விட்டம் மாறவே மாறாது.

கணக்கு எளிது. உங்கள் வண்டியில் இப்போது இருப்பது 165/80 ஆர்14. டயரின் அகலம் 165 மி.மீ. அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் 14 இன்ச் ரிம் என்று கூட்டினால் ஏறக்குறைய 620 மி.மீ. வரும். கடைக்காரர் காட்டிய 195/55 ஆர்16 இதே கணக்கில் 621. இரண்டு இன்ச் பெரிய ரிம் போட்டும் வண்டி அரை மில்லிமீட்டர்தான் உயரும். மாறாக, 132 மி.மீ. இருந்த பக்கச்சுவர் 107 ஆகிவிடும். தோப்புப் பாதையில் கல்லின் அடியை வாங்கித் தாங்குவது அந்த ரப்பர்தான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். இரும்பு ரிம் நெளிந்தால் பஞ்சர் கடையிலேயே தட்டி எடுத்துவிடுவார்கள். அலாய் விரிசல் விடும். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் அடித்து, பெயின்ட் பூசி, மறுபடி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

க்ரெட்டா செட் நிஜமாகவே உயர்த்தும். 215/60 ஆர்17 மொத்த விட்டம் சுமார் 690 மி.மீ. உங்களுடையதைவிட 70 கூடுதல். அதில் பாதிதான் தரைக்கும் வண்டிக்கும் நடுவில் சேரும், அதாவது 35 மி.மீ. மீதிப் பாதி மேலே மட்கார்டை நோக்கிப் போகும். அந்த இடம் சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்காக விட்ட இடம். காலி வண்டியில் கடை வாசலில் நின்று பார்த்தால் பொருந்தியது போலத்தான் தெரியும். நாலு பேர், இரண்டு கிரேட், ஸ்டியரிங் முழு மடக்கு, ஒரு வேகத்தடை என்று எல்லாம் ஒன்றாகச் சேரும்போது டயர் உள்ளே உரசும். உரசும் இடத்தைக் கிரைண்டரில் வெட்டிவிடலாம் என்று அடுத்ததாகச் சொல்வார்கள். வெட்ட விடாதீர்கள்.

அடாப்டர் விஷயத்தில் அப்பா பேச்சைக் கேளுங்கள்

உங்கள் ஹப்பில் நாலு ஸ்டட். அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. அந்த அலாயில் ஐந்து துளை, வட்டம் 114.3 மி.மீ. நடுத்துளையும் வேறு: ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ., க்ரெட்டா வீலின் துளை 67.1. ஸ்டட்டின் மரைகூட இரண்டு நிறுவனத்துக்கும் வேறு. இவ்வளவு பொருந்தாமையையும் ஓர் அலுமினியத் தட்டு ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். எட்டாத ஏணிக்கு அடியில் செங்கல் வைத்து ஏறுவது மாதிரிதான்.

தட்டு தரமானதாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 25 மி.மீ. அடாப்டர் சக்கரத்தை அவ்வளவு தூரம் வெளியே தள்ளும். டயர் வேறு 50 மி.மீ. அகலம் கூடியிருக்கிறது. அதில் பாதி வெளிப்பக்கம். ஆஃப்செட் (வீல் ஹப்பில் உட்காரும் இடம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரம்) ஒன்றாகவே இருந்தாலும் டயரின் வெளி விளிம்பு இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. வெளியே வந்து நிற்கும். மட்கார்டைத் தாண்டி நிற்கும் டயர் மழையில் சேற்றையும் கல்லையும் பின்னால் வருகிற பைக்காரர் முகத்தில் அடிக்கும். பாரம் ஹப்பை விட்டு விலகி விழுவதால் பேரிங் சீக்கிரம் போகும். ஸ்டியரிங் குழிக்குக் குழி கையைப் பிடித்து இழுக்கும். பதினாலு ஆண்டு ஓடிய பேரிங், பால் ஜாயின்ட், புஷ் மேல் இதைப் போடப் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். புது வண்டி கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வதைப் பழைய வண்டி பொறுக்காது.

உங்கள் அப்பா லாரி ஓட்டியவர். ஓடும்போது சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்பதை நான் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

மீட்டர், மைலேஜ், தொப்பூர்

பெரிய வீலில் மைலேஜ் ஏறும் என்று கடைக்காரர் சொன்னாராம். நடப்பது வேறு. மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. 690 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 11 சதவீதம் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. நிஜமாக 100 கிலோமீட்டர் போனால் 90 என்று காட்டும். டீசல் கணக்குப் போட்டால் மைலேஜ் குறைந்தது போலத் தெரியும். சக்கரத்தின் கூடுதல் எடையால் ஊருக்குள் நிஜமாகவும் கொஞ்சம் குறையும். எடையை நம்ப முடியாவிட்டால் தக்காளி மண்டித் தராசில் பழைய வீல் ஒன்றையும் புது வீல் ஒன்றையும் டயரோடு வைத்துப் பாருங்கள்.

வேகமும் இப்படித்தான். மீட்டரில் 80 காட்டும்போது கணக்குப்படி 89. நிறுவனங்கள் மீட்டரை நிஜ வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் வைப்பார்கள், அதனால் நடைமுறையில் 89 ஆகாமல் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் கூட்டிக் காட்டிய மீட்டர் இப்போது குறைத்துக் காட்டத் தொடங்கும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் கேமராவுக்கு உங்கள் மீட்டர் என்ன சொன்னது என்பது பற்றிக் கவலை இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது இறக்கம். சேலம் போக நீங்கள் தொப்பூர் கணவாய் இறங்கியாக வேண்டும். விருந்தாளி வந்தால் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கமும் உண்டு. இறக்கத்தில் கீழ் கியரில் போட்டு எஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடிப்பது எப்படி என்று அப்பாவிடம் கற்றிருப்பீர்கள். சக்கரத்தின் விட்டம் 11 சதவீதம் கூடினால் ஒவ்வொரு கியரும் அந்த அளவு நீண்டுவிடும், எஞ்சின் பிடிக்கும் பிடி தளரும். பிரேக் டிஸ்க் அதே சைஸ், பேட் அதே சைஸ், நிறுத்த வேண்டிய சக்கரம் மட்டும் பெரிது, கனம். மட்டமான சாலையில் இது தெரியாமல் போகலாம். தொப்பூரில் முன்னே பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருக்கும்போது தெரியும்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது

அலாய் போட்டாலே வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது மிகை. எதைப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தப்பு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. உங்கள் ஆர்.சி. அட்டையை எடுத்துப் பாருங்கள், சொந்த உபயோகக் கார் என்பதால் அதில் டயர் அளவு இருக்காது. இதை வைத்துக்கொண்டு எந்த வீலையும் போடலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகப் படித்து, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மாற்றும்படி வண்டியை மாற்ற முடியாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, பாகங்களை வெளியில் வாங்கிப் பொருத்தினாலும், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று அதன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பான எல்லை இதுதான். அதே மாடலுக்கு, அதே தலைமுறையில், நிறுவனமே எந்த அளவைக் கொடுத்ததோ அந்த அளவு போடலாம். 2011-இல் வந்த உங்கள் தலைமுறை ஸ்விஃப்ட்டில் இசட்.டி.ஐ., இசட்.எக்ஸ்.ஐ. வண்டிகளுக்கு மாருதியே 15 இன்ச் அலாயும் 185/65 ஆர்15 டயரும் கொடுத்தது. மொத்த விட்டம் 621.5 மி.மீ., உங்கள் பழைய சக்கரத்தைவிட இரண்டே மில்லிமீட்டர் கூடுதல். மீட்டர் மாறாது, கியர் மாறாது, எதுவும் உரசாது. யார் நிறுத்திக் கேட்டாலும் கம்பெனி கொடுத்த அளவு என்று சொல்லலாம். அப்பாவிடமும் அதையே சொல்லலாம்.

எஃப்.சி.க்குப் போகும்போது பழைய வீலை மாட்டிக்கொண்டு போகும் யோசனை பற்றி: பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரி தனி. ஆய்வாளர் வண்டியைப் பார்த்து ஐந்து ஆண்டுக்குத் தகுதி கொடுப்பார். அன்றைக்கு ஒரு வண்டியைக் காட்டிவிட்டு மறுநாள் வேறு வண்டி ஓட்டினால், அந்தத் தகுதி எந்த வண்டிக்கு? விபத்து நடந்தபின் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். 15 இன்ச் போட்டால் இந்த நாடகமே தேவைப்படாது, அதோடேயே ஆய்வுக்குப் போகலாம்.

இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் இருந்தால்

“ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு சார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு வெவ்வேறு பொறுப்புகள் இருக்கின்றன. ஒன்று மூன்றாம் நபருக்கானது. உங்கள் வண்டியால் யாராவது அடிபட்டால், வீலை மாற்றியிருந்தார் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நிறுவனம் அவர்களைக் கைவிட முடியாது. நிறுவனம் சொல்லக்கூடிய மறுப்புகளைச் சட்டம் எண்ணி வைத்திருக்கிறது. ஆனால் அது அடிபட்டவருக்கான பாதுகாப்பு, உங்களுக்கானது இல்லை. குறை தெரிந்தே வண்டியைச் சாலையில் ஓட்டி, அதனால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் 190-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை உண்டு. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு வரும்.

இன்னொன்று உங்கள் வண்டிக்கான சேதம். இது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். பொருளைப் பற்றிய முக்கியமான மாற்றத்தை மறைக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நாங்கள் விபத்து வண்டியைப் பார்க்கும்போது டயரில் அச்சிட்ட அளவைக் குறித்துக்கொள்வது வழக்கம், படத்திலும் அது தெரியும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் நிறுவனம் சொன்ன அளவு இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அந்த வேறுபாடு விபத்துக்குக் காரணமா என்று எழுத வேண்டியது என் வேலை. நின்றிருந்த வண்டியைப் பின்னால் வந்த டெம்போ இடித்தால் வீலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதைக் காட்டி முழுவதுமாக மறுத்தால் நீங்கள் எதிர்த்துக் கேட்கலாம். பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும் ஒரேயடியாகக் கைவிரிக்காமல் 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் அடாப்டர் உடைந்து சக்கரம் கழன்று வண்டி கவிழ்ந்தால், காரணத்தை நான் வேறு எப்படி எழுத முடியும்?

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. வழக்கமான பாலிசியில் பள்ளத்தில் விழுந்து டயர் மட்டும் கிழிந்தால் அதற்குப் பணம் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து சேதமானால் மட்டுமே டயருக்கு உண்டு, அதுவும் மாற்றும் செலவில் பாதிதான். குறைந்த பக்கச்சுவர் டயரை வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

15 இன்ச் போட்டாலும் பில்லை இணைத்து நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அலாயின் மதிப்பைத் துணைப் பொருளாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். சேர்க்காமல் விட்டால் அலாய் திருடுபோகும்போது இரும்பு ரிம் விலைதான் பேசுவார்கள்.

உயரத்துக்கு வருவோம்

உங்கள் மாடல் புதிதாக வந்தபோது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 170 மி.மீ. இடைவெளி. பதினாலு ஆண்டில் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அதில் ஒரு பங்கு போயிருக்கும். சக்கரத்தைத் தொடாமலே இதைச் சோதிக்கலாம். மட்டமான தரையில் காலி வண்டியை நிறுத்துங்கள். ஹப்பின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப்பால் அளந்து எழுதுங்கள். இடதும் வலதும் வேறுபட்டால் ஏதோ ஒரு ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது. பிறகு அதே மாடலில் ஸ்பிரிங் மாற்றிய வண்டி ஒன்று மெக்கானிக் ஷெட்டுக்கு வரும்போது அதையும் அளந்து பாருங்கள். நாலு பேர் ஏறினால் உங்கள் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பாருங்கள். சேம்பர் அடிபடுவது பாரத்தோடு போகும்போதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் முழுக்க ஸ்பிரிங் மேலும் ஷாக் அப்சார்பர் மேலும்தான்.

நீங்கள் ஒதுக்கிய 70,000 ரூபாயில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். நாலு ஸ்பிரிங், நாலு ஷாக் அப்சார்பர், முன்பக்க ஸ்ட்ரட் மவுன்ட், தேய்ந்த புஷ், பால் ஜாயின்ட், எல்லாம் நிறுவன பாகமாக. கூடவே சேம்பருக்கு அடியில் கனமான இரும்புத் தகடு ஒன்று மாட்டுங்கள், தோப்புக்குப் போகும் வண்டிக்கு அது நகையைவிட முக்கியம். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் திணித்து உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அது ஸ்பிரிங்கின் வேலையைக் கெடுக்கும், பாரம் ஒரே இடத்தில் சேர்ந்து சுருள் உடையும். ஒன்றரை கிலோமீட்டர் பாதையின் நடுமேட்டை மண்வெட்டியால் சீவிவிடுவது இந்தக் கடிதத்தில் உள்ள எல்லா யோசனையையும்விட மலிவு. பக்கத்துத் தோப்புக்காரரும் கூட வருவார்.

மீதியில் 15 இன்ச் வாங்குங்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: தோப்புப் பாதைக்கு மட்டும் என்றால் உங்கள் பழைய 14 இன்ச்சும் அதன் 132 மி.மீ. பக்கச்சுவரும்தான் எல்லாவற்றையும்விட நல்லது. 15 இன்ச்சில் அது 120 ஆகும். கல்யாணத்துக்கு வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல நான் யார்? பழைய நாலு ரிம்மையும் எடைக்குப் போடாமல் வீட்டில் வையுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

* வீலின் பின்புறம் விட்டம், அகலம், ஆஃப்செட், தாங்கும் எடை ஆகியவை பொறித்திருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டு வார்ப்பில் ஜே.டபிள்யூ.எல். என்ற குறி இருக்கும். எதுவும் பொறிக்காத வீலைத் தொடாதீர்கள். நாலு துளை, 100 மி.மீ. வட்டம் இருக்க வேண்டும். நடுத்துளை 54.1-ஐவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் கேளுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும்.

* டயரில் 185/65 ஆர்15-க்குப் பின்னால் 88 என்ற எண் இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். உங்கள் பழைய அளவில் வழக்கமான 85 என்பது 515 கிலோ, அதற்குக் கீழே இறங்க வேண்டாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கம் தயாரித்த தேதி: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அலாயோடு சேர்த்துக் கொடுக்கும் பழைய டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகிப் போயிருக்கலாம். டயர் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

* பழைய அலாய் என்றால் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு உள்விளிம்பைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நெளிவும் வெல்டிங் தடமும் அங்கேதான் தெரியும். மாட்டும்போது நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 85 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லுங்கள், 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி பழைய 14 இன்ச்சே இருக்கலாம், விட்டம் ஏறக்குறைய ஒன்று என்பதால் பஞ்சர் கடை வரை போகத் தாங்கும். ஆனால் அலாய்க்குக் கொடுத்த நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காருமா என்று அன்றைக்கே மாட்டிப் பார்த்துவிடுங்கள். உட்காராவிட்டால் பழைய நட்டு நாலை டிக்கியில் போட்டு வையுங்கள்.

கொடுத்த அட்வான்ஸ்

8,000 ரூபாய் போனது போனதுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் “ஸ்விஃப்ட்டுக்கு அப்படியே பொருந்தும், எந்தப் பிரச்சினையும் வராது” என்று அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அழிக்காதீர்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பொருந்தாத பொருளைப் பொருந்தும் என்று சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் கேட்கக்கூடிய விஷயம். கடை பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க அந்தச் சட்டம் வழிவிடுகிறது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம்.

ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். முதலில் போன் போட்டு, சண்டைக்கு நிற்காமல், “அடாப்டர் செட் வேணாம், நாலு போல்ட்ல 15 இன்ச் இருந்தா அதுக்கு இந்த அட்வான்ஸைக் கழிச்சுக்கோங்க” என்று கேளுங்கள். எந்தக் கடைக்காரரும் பணத்தைத் திருப்பித் தருவதைவிடப் பொருளை மாற்றித் தருவதையே விரும்புவார். ஒத்துக்கொண்டால், எந்த வீல், என்ன அளவு, எத்தனை ரூபாய் கழித்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது மச்சானோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.